பள்ளம் மூடும் முன் வந்த கேள்வி

தென்சென்னையில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலிருந்து அதிக தூரமில்லாத ஒரு பகுதியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கிரவுண்டு மனை. தரைக்குக் கீழே ஒரு தளம், மேலே தரைத்தளமும் இரண்டு மாடிகளும். கீழ்த் தளத்தில் இரண்டு கார்கள், ஒரு மூலையில் கணவர் மிருதங்கம் பழக ஏ.சி. போட்ட அறை. பத்தடி ஆழத்தில் தளம் வரும்படி தோண்டி, ராஃப்ட் கான்கிரீட் (அடித்தளம் முழுவதற்கும் ஒரே பலகையாகப் போடுவது) போட்டு ஐந்து வாரம் ஆகிறது. நான்கு சுவர்களில் ஒன்று கான்கிரீட் முடிந்துவிட்டது. இரண்டுக்குக் கம்பி கட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டு மதிலை ஒட்டி வரும் நான்காவது சுவரை இன்னும் தொடவில்லை. முடிந்த சுவரின் அடியில், ராஃப்ட்டோடு சேரும் இடத்தில், ஒன்றரை அடி நீளத்துக்குக் கசிகிறது. காலையில் பார்த்தால் தண்ணீர் தேங்கி நிற்கிறது.

ஒப்பந்தக்காரர் சொல்வது இது: "கான்கிரீட்ல வாட்டர்ப்ரூஃப் பவுடர் போட்டாச்சும்மா. உள்ள பூசி ரெண்டு கோட் அடிச்சா சொட்டுத் தண்ணி வராது. வெளியில ஷீட் ஒட்டணும்னா தனியா 2 லட்சத்து 60 ஆயிரம் ஆகும்." முடிந்த சுவரின் வெளிப்பக்கத்தை அடுத்த வாரமே மண் போட்டு மூடி, தண்ணீர் இறைக்கும் மோட்டாரையும் நிறுத்திவிடலாம் என்கிறாராம். உள் அலங்காரம் செய்ய வந்தவர், சுவரின் உட்புறம் இரண்டு அங்குல தெர்மாகோல் வைத்து ஜிப்சம் போர்டு அடித்துவிட்டால் சூடும் வராது, ஈரமும் வராது என்று சொல்லியிருக்கிறார். ஒப்பந்தக்காரர் கொழுந்தனாரின் நண்பர் என்பதால் வீட்டில் யாரும் கறாராகப் பேச முடியவில்லை. "உள்ளே பூசினால் போதுமா? தெர்மாகோல் தேவையா? பணத்தை நிறுத்தி வைக்க எனக்கு உரிமை உண்டா?" என்று கேட்கிறார்.

சகோதரிக்கு வணக்கம்.

பள்ளம் இன்னும் திறந்திருக்கும்போதே எழுதினீர்களே, அதுவே பெரிய நிம்மதி. இந்த மாதிரிக் கடிதங்கள் பெரும்பாலும் வீடு கட்டி இரண்டு மழைக்காலம் முடிந்த பிறகுதான் எனக்கு வரும். அப்போது வெளிச்சுவரைத் தொடவே வழி இருக்காது. உங்கள் சுவரின் வெளிமுகம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. அது தெரிகிற வரை எல்லாவற்றையும் சரி செய்யலாம். ஆகவே முதல் வேலை: அடுத்த வாரம் மண் போட வேண்டாம், மோட்டாரையும் நிறுத்த வேண்டாம் என்று இன்றே ஒப்பந்தக்காரருக்குச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பிவிடுங்கள். மற்றதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்கிறேன். நம் ஊர் மேஸ்திரிகள் 'பேஸ்மட்டம்' என்றால் கடைக்காலுக்கு மேலே, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்திக் கட்டும் மட்டத்தைச் சொல்வார்கள். அங்கே ஏறும் ஈரம் வேறு, உங்கள் தரைகீழ்த் தளத்தில் முட்டும் தண்ணீர் வேறு. பேஸ்மட்டத்துக்கு வைத்தியம் செய்து பழகிய கையோடு தரைகீழ்த் தளத்தையும் பார்ப்பதால்தான் "உள்ளே இரண்டு கோட்" என்ற பேச்சு வருகிறது. உங்கள் ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. பழக்கத்தில் சொல்கிறார், அவ்வளவுதான்.

உள்ளே பூசினால் ஏன் போதாது

ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 டன் எடையாக அழுத்தும். உங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஏறினால், பத்தடி ஆழத்தில் சுவரின் அடிப்பகுதியில் ஒவ்வொரு சதுர அடியிலும் ஏறக்குறைய 280 கிலோ எடை வெளியிலிருந்து தள்ளிக்கொண்டு நிற்கும். வெளிப்பக்கம் ஒட்டிய ஷீட்டை அந்த எடை சுவரோடு சேர்த்து அழுத்தும். உள்ளே அடித்த பூச்சையோ பின்னாலிருந்து பிய்த்துத் தள்ளும். சாதாரணப் பெயின்ட் ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாக எழுவது இதனால்தான்.

உள்ளேயிருந்து அடிக்கக்கூடிய, கான்கிரீட்டின் நுண்துளைக்குள் படிகமாக வளர்ந்து அடைக்கிற பூச்சுகள் இருக்கின்றன. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே போக வழியே இல்லாத பழைய கட்டடங்களில் அவைதான் கைகொடுக்கின்றன. ஆனால் அப்போதும் தண்ணீர் சுவருக்குள் வந்து நிற்கத்தான் செய்யும். சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நீர் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும், துரு பருத்து கான்கிரீட்டை உடைக்கும். உட்புறம் பளிச்சென்று காய்ந்திருக்கும்போதே சுவர் உள்ளுக்குள் நோயாகிக்கொண்டிருக்கும்.

பவுடர் விஷயம். ஐ.எஸ். 2645 என்ற இந்தியத் தரக் குறியீட்டின்படி வரும் அந்தச் சேர்மானம் கான்கிரீட்டின் ஊடே தண்ணீர் ஊறுவதைக் குறைக்கும். போட்டது நல்லதுதான். ஆனால் தரைகீழ்த் தளம் கான்கிரீட்டின் ஊடாக ஒழுகுவது குறைவு. மூட்டுகளில் ஒழுகும், ஷட்டரிங் என்ற அச்சுப் பலகையைப் பிடிக்கப் போட்ட கம்பித் துளைகளில் ஒழுகும், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் சரியாகப் போகாமல் ஜல்லி தனியாகத் தெரியும் இடத்தில் ஒழுகும். அங்கெல்லாம் பவுடருக்கு வேலையே இல்லை. உங்கள் வீட்டிலேயே பாருங்கள்: பவுடர் போட்ட சுவர் காய்ந்திருக்கிறது, அதற்குக் கீழே மூட்டு கசிகிறது.

கசியும் அந்த ஒன்றரை அடி

ராஃப்ட் போட்டு சில நாள் கழித்துச் சுவர் போடும்போது, பழைய கான்கிரீட்டின் மேல் சிமெண்ட் பால் படிந்து உறைந்த மெல்லிய பொருக்கு இருக்கும். அதைக் கொத்திச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, கழுவிவிட்டுத்தான் அடுத்த கான்கிரீட் போட வேண்டும். அதோடு அந்த மூட்டின் நடுவே பி.வி.சி. வாட்டர்ஸ்டாப் பட்டை நிற்க வேண்டும். உங்கள் சுவரில் இரண்டில் ஒன்றாவது நடக்கவில்லை என்று நினைக்கிறேன். ராஃப்ட் போட்ட அன்று எடுத்த படங்கள் இருந்தால் பாருங்கள். சுவர்க் கம்பிகளின் இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு ரப்பர் மாதிரிப் பட்டை நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் வாட்டர்ஸ்டாப். இல்லையென்றால் போடவில்லை.

இதை இப்போது சரி செய்ய முடியும். வெளிப்பக்கம் அந்த மூட்டை 'வி' வடிவில் கொத்தி, பாலிமர் கலந்த கலவையால் அடைத்து, சுவரும் ராஃப்ட்டும் சேரும் மூலையில் இரண்டு அங்குலத்துக்குச் சரிவாக ஒரு அண்டை கொடுக்க வேண்டும். உட்பக்கம் சாய்வாகத் துளையிட்டு பி.யூ. ஊசி போட வேண்டும். தண்ணீரைத் தொட்டதும் நுரைத்துப் பருத்து வழியை அடைக்கும் திரவம் அது. ஒன்றரை அடியில்தானே கசிகிறது என்று ஒன்றரை அடிக்கு மட்டும் செய்யாதீர்கள். அங்கே அடைத்தால் தண்ணீர் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடும். அந்தச் சுவரின் முழு நீளத்துக்கும் செய்யச் சொல்லுங்கள். மேலே சிமெண்ட் பூசி மறைக்க மட்டும் விடாதீர்கள்.

கம்பி கட்டி நிற்கும் இரண்டு சுவர்களுக்கு உங்களுக்கு நல்ல வாய்ப்பு மிச்சமிருக்கிறது. பி.வி.சி. பட்டை இல்லாவிட்டாலும், தண்ணீர் பட்டால் வீங்கும் ஸ்வெல் பார் என்ற பட்டையை மூட்டின் நடுவே ஒட்டலாம். இரு பக்கமும் குறைந்தது மூன்று அங்குலக் கான்கிரீட் இருக்கும்படி வைக்க வேண்டும். விளிம்புக்கு வந்துவிட்டால் வீங்கும்போது கான்கிரீட்டையே பெயர்த்துவிடும். ஒட்டிய பிறகு, கான்கிரீட் போடும் முன் மழையில் நனையவும் கூடாது. ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இடிமழை வருகிற ஊர் நம்முடையது. ஆகவே கான்கிரீட் போடும் அன்று காலையில் ஒட்டினால் போதும்.

அன்று நீங்களோ உங்கள் பொறியாளரோ பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ஐ.எஸ். 456-ன்படி கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம்30 கான்கிரீட் ('எம்' எண் கூடக் கூட வலிமை கூடும்), தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக்கூடாது. உங்கள் பள்ளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். உப்பும் சல்பேட்டும் அதிகம் என்று வந்தால் எம்35-க்குப் போக வேண்டும். லாரியில் வந்த கான்கிரீட் இறுகலாக இருக்கிறது என்று யாராவது பைப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் தடுத்துவிடுங்கள்; அந்த இரண்டு பக்கெட் தண்ணீர்தான் பிற்பாடு சுவருக்குள் நீர் புகும் வழியாக நிற்கும். கம்பிக்கு வெளியே, அதைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் இருக்க வேண்டும், உடைந்த ஓடோ மரத்துண்டோ கூடாது. பத்தடி உயரத்தையும் ஒரே மூச்சில் கொட்டாமல் ஒன்றரை அடி ஒன்றரை அடியாக ஏற்றி வைப்ரேட்டர் போட வேண்டும். அப்புறம், ஷட்டரிங் பிரித்ததும் சணல் சாக்கு கட்டிப் பத்து நாளாவது நனைக்க வேண்டும். கம்பித் துளைகளை இரண்டு அங்குலம் குடைந்து, சுருங்காத கிரவுட்டால் இரு பக்கமும் அடைக்கச் சொல்லுங்கள். எத்தனை துளை என்று எண்ணி, அடைத்த பிறகும் எண்ணிப் பாருங்கள். இது உங்கள் கணவரே செய்யக்கூடிய வேலை.

வெளியே என்ன ஒட்டுவது

2 லட்சத்து 60 ஆயிரம் எதற்கு என்று ஒப்பந்தக்காரர் சொல்லவில்லை போலிருக்கிறது. கடிதத்தில் வெறும் 'ஷீட்' என்றுதான் இருக்கிறது. பொருளின் பெயர், கனம், ஒரு ஷீட் அடுத்ததன் மேல் எவ்வளவு ஏறும், மேலே பாதுகாப்புப் பலகை உண்டா என்று எழுதி வாங்குங்கள். அதே விவரத்தை வைத்து இன்னும் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள்.

வழக்கமாகச் செய்வது 4 மில்லிமீட்டர் ஏ.பி.பி. எனும் பிட்டுமன் (தார்) ஷீட்டை கேஸ் டார்ச்சால் உருக்கி ஒட்டுவது. நல்ல பொருள். ஆனால் உங்கள் சுவருக்கும் பள்ளத்தின் மண்ணுக்கும் நடுவே இரண்டரை அடி இடைவெளிதான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தடி ஆழம், இரண்டரை அடி அகலம், அதற்குள் ஒரு மனிதரை கேஸ் நெருப்போடு இறக்க எனக்கு மனம் வரவில்லை. போதாததற்கு ஈரச் சுவரில் டார்ச் ஷீட் ஒட்டாது, கொப்பளிக்கும். அதனால் உங்கள் மூன்று பக்கத்துக்கும் நெருப்பில்லாமல் தானே ஒட்டும் பிட்டுமன் ஷீட்டைச் சொல்வேன். சுவர் காய மறுத்தால், ஈரத்திலும் பிடிக்கும் இரண்டு பாகப் பாலிமர்-சிமெண்ட் பூச்சை, மூலைகளில் வலை வைத்து அடிக்கலாம். எதுவானாலும் ராஃப்ட் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு வரை இறங்கி, அதன் பக்கவாட்டிலும் மடங்க வேண்டும். மேலே வருங்காலத் தரைமட்டத்தைத் தாண்டி அரையடியாவது ஏற வேண்டும்.

இடைவெளியைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளம் ஒன்று சரிந்து இரண்டு பேர் உயிரிழந்தார்கள். உங்கள் பள்ளம் அவ்வளவு ஆழமில்லை. ஆனால் நின்ற வாக்கில் மண் சரிந்தால் ஒருவரை மூட ஆறடியே போதும். ஆள் இறங்கும் முன் மண் பக்கத்துக்குப் பலகையும் முட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். மழை பெய்யும்போதும், பெய்து நின்ற உடனேயும் யாரும் அந்தச் சந்துக்குள் போகக்கூடாது. வேலைக்கு வருகிறவர்கள் உங்களிடம் இதைக் கேட்க மாட்டார்கள். வீட்டுக்காரராக நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான்காவது பக்கம் வேறு கணக்கு. பக்கத்து மதிலை ஒட்டி வருவதால் வெளியே நின்று ஒட்ட இடமில்லை. அங்கே வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்: முதலில் மண்ணைத் தாங்கி நிற்கும் பக்கத்தில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பி, சமமாகப் பூசி, அதன் மேல் கான்கிரீட்டோடு தானே பிடித்துக்கொள்ளும் எச்.டி.பி.இ. எனும் பிளாஸ்டிக் ஷீட்டை விரிக்க வேண்டும். பிறகுதான் கம்பி, பிறகு கான்கிரீட். அந்தப் பக்கம் ஷட்டரிங்கை ஊடுருவும் கம்பி போட முடியாது; உள்ளேயிருந்தே முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். கம்பி கட்டிவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடும். நீங்கள் சரியாக ஒரு வாரத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறீர்கள்.

ஒட்டிய ஷீட்டை அப்படியே விட்டு மண் தள்ளினால் கிழிந்துவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் பொறுப்பாக இருந்த ஒரு வேலையில், ஷீட் ஒட்டி முடித்த மறுநாள் இடித்த செங்கல்லையும் கான்கிரீட் துண்டுகளையும் போட்டுப் பள்ளத்தை நிரப்பினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், தடுக்கவில்லை. மூன்றாவது வருஷம் அந்தச் சுவர் ஐந்து இடத்தில் ஒழுகியது. தோண்டிப் பார்த்தபோது ஷீட்டில் கத்தியால் கீறியது போலக் கிழிசல்கள். அந்த வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதனால் கேட்டுக்கொள்கிறேன்: ஷீட்டின் மேல் பாதுகாப்புப் பலகை, அதன் பிறகு கட்டட இடிபாடு கலக்காத மணலோ கிராவலோ, ஒரு அடிக்கு மிகாத அடுக்கடுக்காக. மேலே கடைசி ஒரு அடி மட்டும் இறுகும் களிமண், வீட்டிலிருந்து வெளியே சரிவாக.

தெர்மாகோல் எங்கே போக வேண்டும்

உள் அலங்காரக்காரர் கொண்டுவந்த யோசனையில் பாதி நல்லது, இடம்தான் மாறிவிட்டது. சுவரின் வெளியே, ஷீட்டைக் காக்கும் பலகையாக இரண்டு அங்குல எக்ஸ்.பி.எஸ். வைக்கலாம். அது தெர்மாகோலுக்கு உறவுதான், ஆனால் உள்ளிருக்கும் நுண்குமிழ்கள் மூடிய, தண்ணீர் குடிக்காத, அழுத்தம் தாங்குகிற வகை. சாதா வெள்ளைத் தெர்மாகோல் மண்ணுக்குள் நாளடைவில் ஈரம் வாங்கும்.

உள்ளே வைப்பது எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். சூடு வராமல் இருக்க என்கிறார். தரைக்குக் கீழே சில மீட்டர் போனால் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டு சராசரியை ஒட்டியே நிற்கும். சென்னைக்கு அது 28, 29 டிகிரி. சித்திரை வெயில் 40-ஐத் தொட்டாலும் உங்கள் கீழ்ச்சுவருக்குத் தெரியாது. குளிர்நாடுகளில் தரைகீழ்ச் சுவருக்குக் கட்டாயம் வெப்பத்தடை வைப்பார்கள். அங்கே மண் உறைபனியாகக் கிடக்கும், வீட்டுக்குள் சூடுபடுத்துவார்கள். இணையத்தில் பார்க்கும் படங்களெல்லாம் அந்த ஊர்களுடையவை. உங்கள் வீட்டில் வெப்பத்தடைக்கு ஒதுக்கிய பணம் இருந்தால் அது போக வேண்டிய இடம் மொட்டை மாடி.

ஈரமும் வராது என்றாராம். ஈரத்தைத் தெர்மாகோல் நிறுத்தாது, மறைக்கும். ஜிப்சம் போர்டுக்குப் பின்னால் கசிவது உங்களுக்கு ஆறு மாதம் தெரியாது. முதலில் தெரிவது பூஞ்சை வாசனைதான். கரையானுக்கும் அந்த இடுக்கு வசதி. கார் நிற்கும் மூடிய தளத்தில் தெர்மாகோல் தீப்பிடித்தால் கரும்புகையைக் கக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மிருதங்க அறையில் வேறொரு ஈரம் வரும், அதைக் கசிவு என்று தப்பாக நினைக்க வாய்ப்புண்டு. ஏ.சி. 22-ல் ஓடும்போது சுவர் குளிர்ந்துவிடும். கதவைத் திறந்ததும் மழைக்காலத்தின் ஈரக்காற்று, கார் இறங்கும் சாய்தளம் வழியாக வந்து அந்தச் சுவரில் பட்டு வியர்க்கும். எது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: ஒரு அடி சதுரப் பாலிதீனைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பாலிதீனுக்குப் பின்னால் ஈரம் என்றால் சுவரிலிருந்து வருகிறது, முன்னால் என்றால் காற்றிலிருந்து வருகிறது. காற்றிலிருந்து என்றால் ஏ.சி.யை 25, 26-ல் வைப்பதும், கதவு இடுக்கை அடைப்பதும், தேவைப்பட்டால் ஈரமுறிஞ்சி இயந்திரம் வைப்பதும் போதும்.

என் யோசனை, முதல் ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும் வரை அந்த அறைச் சுவர்களை வெறுமனே விடுங்கள். சுண்ணாம்போ, மூச்சு விடும் சாதா பெயின்ட்டோ போதும். வால்பேப்பர், அலுமினியத் தாள், பளபள பெயின்ட் எதுவும் வேண்டாம். மிருதங்கச் சத்தத்துக்காகச் சுவரில் ஏதாவது வேண்டுமென்றால் கழற்றி மாட்டக்கூடிய துணிப் பலகைகளாக வைத்துக்கொள்ளுங்கள். தோல் வாத்தியத்துக்கும் ஈரம் தெரிகிற அறைதான் நல்லது. கூடவே, உங்கள் அனுமதி வரைபடத்தில் அந்த இடம் வெறும் வாகன நிறுத்தம் என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் அறை கட்டும் முன் உங்கள் ஆர்க்கிடெக்டிடம் கேட்டு முறைப்படுத்துவது நல்லது.

மோட்டாரை எப்போது நிறுத்துவது

கடிதத்தில் நீங்கள் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான் எனக்கு மிகவும் கவலையளிக்கிறது. தண்ணீர் பக்கவாட்டில் மட்டும் தள்ளாது, அடியிலிருந்தும் தூக்கும். உங்கள் ராஃப்ட்டின் அடிப்பகுதி ஏறக்குறைய 3.4 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. தரைமட்டம் வரை தண்ணீர் ஏறினால் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 3.4 டன் விசையில் மேலே தூக்கும். 16 அங்குல ராஃப்ட்டின் எடை சதுர மீட்டருக்கு 1 டன்தான். நான்கு சுவரும் மேல் தளமும் சேர்ந்தால்கூட என் தோராயக் கணக்கில் 2.2 டன்னைத்தான் தொடுகிறது. அந்த நிலையில் மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு பெருமழை வந்தால் முழுத் தளமும் படகு மாதிரி மிதந்து சாயக்கூடும். சாய்ந்தால் இறக்கி வைக்க வழியில்லை.

எந்த மாடி முடிந்த பிறகு நிறுத்தலாம் என்பதை உங்கள் ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் கணக்குப் போட்டு, தூக்கும் விசையைவிட எடை குறைந்தது 1.2 மடங்கு இருப்பதாகக் காட்டி, கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஒப்பந்தக்காரரின் மின்கட்டணக் கவலை நியாயமானது, அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் ஓட ஒரு டீசல் பம்பும் தயாராக இருக்கட்டும். அதையும் மீறி வெள்ளம் வந்துவிட்டால், பம்பும் தோற்றுவிட்டால், தளத்துக்குள் தண்ணீரை வேண்டுமென்றே விட்டுவிட வேண்டும். உள்ளே நிற்கும் தண்ணீரின் எடை கட்டடத்தைப் பிடித்து வைக்கும். நனைந்த தளத்தைக் காயவைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத இன்னொன்று: 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனையோ தரைகீழ்த் தளங்கள் நிரம்பியது சுவர் ஒழுகி அல்ல, கார் இறங்கும் சாய்தளம் வழியாகத் தெருவெள்ளம் இறங்கித்தான். சாய்தளம் தொடங்கும் இடத்தில் தெருவைவிட ஒரு அடியாவது மேடு இருக்கட்டும். மின் மீட்டர், இன்வெர்ட்டர் எதுவும் கீழே வேண்டாம்.

பணமும் உரிமையும்

வீட்டில் ஓட்டை வந்தால் ஐந்து வருஷம் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் காப்பாற்றும் என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது கட்டி விற்பவரிடம் வாங்கும் வீட்டுக்கு. சொந்த மனையில் நீங்களே ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டுவதற்குப் பொருந்தாது. ஆனால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் 'சேவை' என்றே இருக்கிறது. சேவையில் குறை என்று இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அங்கே பேசுவது எழுத்தும் படமும்தான். அதனால் ஒவ்வொரு நாள் வேலையையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஒப்பந்தக்காரர் வாயால் சொன்ன பத்து வருஷ கேரண்டியை, யார், எந்தப் பொருளுக்கு, ஒழுகினால் எத்தனை நாளில் என்ன செய்வார் என்று எழுதி வாங்குங்கள். ஷீட் ஒட்டுகிறவர் வேறு ஆள் என்றால் அவரிடமும் தனியாக வாங்குங்கள்.

பணத்தை நிறுத்தலாமா என்றால், முழுவதுமாக நிறுத்தாதீர்கள். ஒப்பந்தக்காரர் கோபித்துக்கொண்டு போய், பள்ளம் திறந்த நிலையில் அக்டோபர் வந்துவிட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை. ஒப்பந்தத்தில் அந்தக் கட்டத்துக்குரிய தொகையில், கசியும் சுவருக்கான பங்கை மட்டும் "சரி செய்ததும் தருகிறேன்" என்று எழுதி நிறுத்தி வையுங்கள். முடிந்த வேலைக்கு உரியதைத் தாமதமில்லாமல் கொடுத்துவிடுங்கள். மொத்தத்தில் ஐந்து சதவீதத்தை வீடு முடிந்து ஒரு பருவமழை தாண்டும் வரை வைத்துக்கொள்ளலாம் என்று இப்போதே பேசி ஒப்பந்தத்தில் சேர்க்கப் பாருங்கள். ஷீட்டுக்கான கூடுதல் தொகையை அவர் தலையில் கட்ட நினைக்க வேண்டாம். முதல் ஒப்பந்தத்தில் அது இல்லையென்றால் அது உங்கள் செலவு. கசியும் மூட்டைச் சரி செய்வது அவருடைய செலவு.

கொழுந்தனாரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற உங்கள் தயக்கம் புரிகிறது. அவரை நடுவில் வைத்துப் பேசுவதை விட்டுவிடுங்கள். உங்கள் ஸ்ட்ரக்சுரல் பொறியாளரை ஒரு நாள் தளத்துக்கு வரவழைத்து, ஒப்பந்தக்காரரையும் நிறுத்தி, அவர் வாயால் சொல்ல வையுங்கள். நண்பரின் அண்ணி கேட்டால் அது குறை சொல்வது போலத் தெரியும், பொறியாளர் கேட்டால் தொழில் பேச்சாகப் போய்விடும். கொழுந்தனாரும் அன்று வந்து கேட்கட்டும், அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும்.

நான்காவது சுவருக்குக் கம்பி கட்ட ஆள் வரும் முன் அந்தச் சந்திப்பு நடக்க வேண்டும். பள்ளத்துத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பிய முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், எம்30-ஆ எம்35-ஆ என்று பார்த்துச் சொல்கிறேன்.